சோழமண்டலக் கடலில் கலத்தலைவர்கள்

சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரத்தைக் கடந்து சிறிது தொலைவு செல்வோர் சதுரங்கப்பட்டினம் என்னும் ஊரை அடைவர். அங்கே கடலை நோக்கியவாறு ஒல்லாந்தர் கட்டிய செங்கற்கோட்டை ஒன்று சிதைந்து நிற்கின்றது. நெடிய அவ்வூர்ப் பெயர் ஐரோப்பியர் நாவில் புகுந்து சட்ராஸ் எனக் குறுகிற்று. கடற்போர் வரலாற்று நூல்களில் இன்றளவும் இடம் பெற்றிருப்பது அக்குறுகிய பெயரே.

1782-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17-ஆம் நாள் அவ்வூருக்கு நேரே நடுக்கடலில் ஆங்கிலேயரின் கப்பற்படையும் பிரெஞ்சுக்காரரின் கப்பற்படையும் ஒன்றோடொன்று பொருதன. அதன்பின் ஏறத்தாழ 16 திங்களில் அவ்விரு படைகளும் அவ்விரு தலைவர்களின்கீழ் மேலும் நான்கு முறை போரிட்டன. ஐந்து போர்களிலும் ஒரு பெரிய போர்க்கப்பலேனும் பகைவர் கையில் சிக்கவில்லை. ஒன்றேனும் மூழ்கவும் இல்லை. ஆயினும் இரு திறத்திலும் சேர்ந்து 900-க்கு மேற்பட்டோர் மாண்டனர். வென்றவர் இவர், தோற்றவர் இவர் என்று தெளிவாகக் கூற இயலாத இப்போர்களில், ஆங்கிலக் கப்பல்களைச் செலுத்தியோர் காட்டிய நெஞ்சுரம் நினைக்கத்தக்கது.

அக்காலத்தில் அமெரிக்க விடுதலைப் போரின் காரணமாக இங்கிலாந்தும் பிரான்சும் பகை கொண்டிருந்தன. 1780-இல் மைசூர் வேந்தர் ஐதர் அலி பெரும்படையுடன் கர்நாடகத்துள் புகுந்தார். வயல்கள் பாழாயின, ஊர்கள் வெறுமையுற்றன. சென்னையில் பஞ்சம் தலைகாட்டிற்று. அப்பஞ்ச நாட்களில் ஏழைகட்குக் கஞ்சி வார்த்த அறச்சாலையே பின்னர் மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்றது. நிலத்தின் வழி அடைபட்டமையின், நகரத்து மக்களுக்கு வேண்டிய அரிசி வங்காளத்திலிருந்து கடல் வழியே வரவேண்டியதாயிற்று. எனவே கடல் யாருடைய ஆட்சியில் இருக்கும் என்பது அரசர்க்கும் வணிகர்க்கும் மட்டும் உரிய கேள்வியாக இருக்கவில்லை.

ஆங்கிலக் கப்பற்படையின் தலைவர் சர் எட்வர்டு ஹியூஸ். அறுபது வயதைக் கடந்தவர், இளமை தொட்டே கடலில் வாழ்ந்தவர், நிதானமானவர். பிரெஞ்சுப் படைத்தலைவர் சப்ரேன் பருத்த உடலும் கடுஞ்சினமும் உடையவர், போர்த்திறத்தில் ஒப்பற்றவர். புதுச்சேரியில் அவர் பெயரால் ஒரு வீதி இன்றும் வழங்குகின்றது. இருவரையும் தராசில் நிறுத்தால், அறிவின் கூர்மையில் சப்ரேன் பக்கமே தாழும் என்பதில் ஐயமில்லை. ஹியூஸ் போரைத் தேடிச் சென்றவர் அல்லர். வந்த போரை ஏற்றுத் தாங்கியவர். ஆனால் அவர்தம் கப்பல்களின் தலைவர்கள் அவர் சொல் தவறாதவர்கள். அவ்வொன்றே அவருக்குக் கவசமாக அமைந்தது.

பாய்மரக் கப்பற்போரின் இயல்பை அறியாதவர்க்கு இக்கதை விளங்குவது அரிது. போர்க்கப்பல் ஒன்று மூன்று பாய்மரங்களைத் தாங்கியிருக்கும். பீரங்கிகள் அதன் இரு பக்கங்களிலும் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கும். முன்னும் பின்னும் மிகச் சிலவே இருக்கும். ஆதலின் கப்பலின் பக்கவாட்டில் நிற்கும் பகைவனையே அது நன்கு தாக்கவல்லது. எத்தனை பீரங்கிகள் உண்டோ அத்தொகையைக் கொண்டே கப்பலின் தரத்தைக் கூறுவர். 74 பீரங்கிக் கப்பல், 64 பீரங்கிக் கப்பல் என்பன அவ்வாறு வந்த பெயர்கள். 74 பீரங்கிகளைக் கொண்ட ஆங்கிலக் கப்பலின் கீழ்த்தளத்துப் பீரங்கி ஒவ்வொன்றும் 32 பவுண்டு எடையுள்ள இரும்புக் குண்டை எறியும். அத்தகைய கப்பலில் ஏறத்தாழ 600 பேர் நெருங்கி வாழ்வர். அவர்களுள் பலர் துறைமுகத் தெருக்களில் வலிந்து பிடிக்கப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் என்பதையும் மறத்தலாகாது.

கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் செல்லுதல் போர்முறை. முன்செல்லும் கப்பலின் பின்புறத்தைப் பின்வரும் கப்பல் காக்கும். வரிசை முறிந்தால் தனிப்பட்ட கப்பலைப் பகைவர் இருபுறமும் சூழ்ந்து நொறுக்கிவிடுவர். இவற்றுக்கெல்லாம் மேலானது காற்று. எத்திசையிலிருந்து காற்று வீசுகின்றதோ அத்திசையில் நிற்கும் படை தான் விரும்பியபோது பகைவர்மேல் பாயலாம். எதிர்ப்புறம் நிற்கும் படை வருவதை ஏற்கவே வேண்டும். காற்று ஓய்ந்தாலோ, கண்ணெதிரே தோழன் அழிவதைக் காண்பினும் அணுகி உதவ இயலாது.

சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே நடந்தது அதுவே. போருக்கு முன்னாள் ஹியூஸ் பிரெஞ்சுப் படையின் பின்னே வந்த சரக்குக் கப்பல்களைத் துரத்தி ஆறனைக் கைப்பற்றியிருந்தார். சினங்கொண்ட சப்ரேன் மறுநாள் 12 கப்பல்களுடன் வந்து, ஹியூஸின் 9 கப்பல்களுள் பின்னணியில் நின்றவற்றின்மேல் மட்டும் தம் வலிமையைச் செலுத்தினார். முன்னணியில் நின்ற நான்கு ஆங்கிலக் கப்பல்கள் காற்றின்மையால் திரும்பிவர இயலாமல் தவித்தன.

வரிசையின் கடைசியில் நின்றது எக்சிட்டர் என்னும் 64 பீரங்கிக் கப்பல். அதில் இரு தலைவர்கள் இருந்தனர். கப்பலைச் செலுத்துபவர் காப்டன் ஹென்றி ரெனால்ட்ஸ். படைப்பிரிவின் துணைத்தலைவராக அதிலே கொடி பறக்கவிட்டிருந்தவர் கொமடோர் ரிச்சர்டு கிங். பகைக் கப்பல்கள் ஒன்று மாற்றி ஒன்றாக எக்சிட்டரைத் தாக்கின. பாய்கள் கந்தலாயின, கயிறுகள் அறுந்து தொங்கின, கப்பலின் உடலில் துளைகள் பல விழுந்தன. கிங்கின் அருகில் நின்ற ரெனால்ட்ஸ் பீரங்கிக் குண்டு பட்டுத் தலை சிதறி வீழ்ந்தார். அச்சிதறலால் கிங்கின் கண்கள் சில கணம் பார்வை மறைந்தன. அந்நேரத்தில் கப்பலின் மாலுமித் தலைவர் ஓடிவந்து, இனி இக்கப்பலை என்ன செய்வது என்று வினவினார். மூழ்கும்வரை போர் புரிவதைத் தவிரச் செய்வதற்கு வேறொன்றும் இல்லை என்று கிங் விடையிறுத்தார்.

மாலை மங்கும் வேளையில் திடுமெனக் காற்றுத் தென்கிழக்கிலிருந்து வீசிற்று. முன்னணிக் கப்பல்கள் திரும்பின, எக்சிட்டர் தப்பிற்று. ஹியூஸின் கொடிக் கப்பலாகிய சூபர்ப்பின் தலைவர் ஸ்டீவன்சும் அப்போரிலே உயிர் துறந்தார். சப்ரேனின் தலைவர்களுள் சிலர் அவர் கட்டளையை முழுதும் நிறைவேற்றாது தொலைவிலேயே நின்றனர். அவர்கள் நெருங்கியிருப்பின் எக்சிட்டரின் கதை அன்றே முடிந்திருக்கும்.

அதன்பின் சப்ரேன் பரங்கிப்பேட்டையில் படைவீரர்களை இறக்கினார். ஐதர் அலியின் துணையோடு கூடலூர் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டது. ஹியூசுக்கோ இங்கிலாந்திலிருந்து சுல்தான், மாக்னனிம் என்னும் இரு புதிய கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஆங்கிலேயர் அவ்வாண்டு தொடக்கத்தில் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய திருகோணமலைத் துறைமுகத்துக்குத் துணைப்படையும் பொருள்களும் கொண்டுசெல்ல அவர் புறப்பட்டார். இக்கரையின் குறை ஒன்றை இங்கே கூறவேண்டும். சென்னையிலும் கூடலூரிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்தால் நிற்க இடமின்றி ஓடவேண்டும். கிழக்குக் கடலில் எப்பருவத்தும் புயலுக்கு அஞ்சாது தங்குதற்கு ஏற்ற இயற்கைத் துறைமுகம் திருகோணமலை ஒன்றே. அதனை இழப்பவர் பழுதுற்ற கப்பலைச் செப்பனிட அப்பால் பம்பாய் வரை செல்ல நேரும். ஆகவே அத்துறைக்காக இரு படைகளும் தம் குருதியைச் சிந்தியதில் வியப்பில்லை.

ஏப்ரல் 12-ஆம் நாள் இலங்கையின் கீழ்க்கரையில், ஐரோப்பியர் பிராவிடியன் என்று பெயரிட்ட சிறு பாறைத் தீவுக்கு அருகில், சப்ரேன் அவரை மடக்கினார். ஆங்கிலக் கப்பல்கள் 11. பிரெஞ்சுக் கப்பல்கள் 12. காற்று பிரெஞ்சுக்காரர் பக்கத்திலிருந்து வீசிற்று. ஆங்கிலேயரின் மறுபுறத்திலோ கரையும் பாறைகளும் இருந்தன. ஒருபுறம் பகைவர், மறுபுறம் பாறை என்னும் இடுக்கணில் ஹியூஸ் தம் வரிசையை அமைத்து நின்றார்.

வரிசையின் நடுவில் ஹியூஸின் சூபர்ப். அதற்கு முன்னே மான்மத் என்னும் 64 பீரங்கிக் கப்பல். மான்மத்தின் தலைவர் ஜேம்ஸ் ஆம்ஸ். சப்ரேன் தம் சிறந்த கப்பல்களைக் கொண்டு இவ்விரண்டின் மேலும் இடியென இறங்கினார். சிறிய கப்பலாகிய மான்மத் தன்னினும் பெரியவற்றோடு நெருங்கி நின்று சுட்டது. முதலில் அதன் பின்மரம் முறிந்து கடலில் விழுந்தது. பின்னர் நடுமரமும் சாய்ந்தது. பாய்மரம் வீழும்போது அதனோடு பாயும் கயிற்றுத் திரளும் தளத்தின்மேல் சரியும், அடியிலுள்ள மனிதர் நசுங்குவர், பீரங்கிகள் மூடப்படும். அத்தனை துன்பத்திடையிலும் மான்மத்தின் பீரங்கிகள் ஓயவில்லை.

கப்பலின் கொடி குண்டு பட்டு வீழ்ந்தது. கொடியைத் தாழ்த்துதல் கடற்போரில் சரணடைந்ததற்கு அடையாளம். கொடி தானே வீழ்ந்தாலும் பகைவர் அவ்வாறே பொருள் கொள்வர். ஆதலின் முறிந்து நின்ற பாய்மரத்தின் அடிக்கட்டையில் கொடியை ஆணி கொண்டு அறைந்தனர். கயிற்றால் கட்டிய கொடியை இறக்கலாம். ஆணி அறைந்ததை இறக்க இயலாது. அதனை அறிந்தே அவர்கள் அவ்வாறு செய்தனர். மேல்தளத்தில் நின்றோர் பலர் வீழ்ந்தபின்னும் ஆம்ஸ் தம் இடம் பெயராது நின்றார்.

மரங்களை இழந்த மான்மத் மெல்ல வரிசையை விட்டு விலகிற்று. அதனைக் கவர்ந்து செல்லப் பிரெஞ்சுக் கப்பல்கள் முயன்றன. இந்நிலையில் ஹீரோ என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவர் ஹாக்கர் அதனை அணுகி, வடக்கயிறு வீசிக் கட்டி இழுத்துச் சென்றார். பாடுவோர் பீரங்கி முழக்கத்தைப் பாடுவர். வடக்கயிற்றைப் பாடுவார் இலர். குண்டு மழையில் ஒரு கப்பலை மற்றொரு கப்பலின் அருகே மோதாமல் கொண்டுவந்து, வடத்தைப் பிணித்து, பாய்களைத் திருத்தி இழுத்தல் எத்துணை அரிய வினை என்பதைக் கடலோடிகளே அறிவர். பண்டைத் தமிழர் மீகாமன் என்று போற்றியது இத்தகைய திறனுடையானையே.

மாலையில் மழையும் சூறையும் எழுந்தன. கரை அணித்தாயிருந்தமையால் இரு படைகளும் போரை விட்டு நங்கூரமிட்டன. இருட்டில் ஒரு சிறு பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஐசிஸ் என்னும் ஆங்கிலக் கப்பலோடு மோதிச் சிக்கிப் பின் விடுபட்டு ஓடிற்று. விடிந்தபோது பகைவர் இருவரும் மிக அருகில் கிடந்தனர். எவர்க்கும் மீண்டும் போரிட வலிமை இல்லை. ஏறத்தாழ ஒரு வாரம், ஒருவரை ஒருவர் நோக்கியவாறே, தத்தம் கப்பல்களைத் தச்சரும் மாலுமியரும் செப்பனிட்டுக்கொண்டிருந்தனர். பின்பு சப்ரேன் பாய் விரித்துப் போருக்கு அழைத்துப் பார்த்தார், ஹியூஸ் அசையவில்லை. பிரெஞ்சுக்காரர் அகன்றபின் அவர் திருகோணமலையை அடைந்தார்.

அன்றைய போரில் ஆங்கிலேயருள் 137 பேர் இறந்தனர். 430 பேர் புண்பட்டனர். இறந்தவருள் 59 பேர் சூபர்ப்பையும் 45 பேர் மான்மத்தையும் சேர்ந்தவர்கள். மற்ற ஒன்பது கப்பல்களிலும் சேர்ந்து இறந்தவர் 33 பேரே. நடுவில் நின்ற இரண்டு கப்பல்கள் படை முழுவதற்குமான அடியைத் தாங்கின என்பதை இக்கணக்கே உரைக்கும். மான்மத்தில் புண்பட்டோர் மேலும் 102 பேர். கப்பலின் அடித்தளத்தில் விளக்கொளியில், மயக்க மருந்து அறியப்படாத அக்காலத்தில், அறுவை மருத்துவர் அவர்கட்கு ஆற்றிய பணியை விரித்துரையாமல் விடுவதே நன்று.

மூன்றாம் போர் ஜூலை 6-ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கு அப்பால் நடந்தது. இம்முறை காற்று ஹியூஸ் பக்கம் இருந்தது. சூபர்ப்பின் புதிய தலைவர் மக்லெல்லன் அன்று வீழ்ந்தார். ஐந்து திங்களுக்குள் ஒரே கப்பல் இரண்டு தலைவர்களை இழந்தது. நண்பகலுக்குப்பின் கடற்காற்றுத் திடீரென மாறி வீச, இரு வரிசைகளும் கலைந்தன. அக்குழப்பத்தில் செவேர் என்னும் பிரெஞ்சுக் கப்பல் ஆங்கிலேயரின் சுல்தான் கப்பலிடம் சிக்கிற்று. செவேரின் தலைவர் மனம் தளர்ந்து கொடியை இறக்கச் செய்தார். அவருக்குக் கீழிருந்த அதிகாரிகளோ அதற்கு உடன்படாமல் மீண்டும் பீரங்கிகளை முழக்கினர். சரணடைந்ததாக எண்ணித் திரும்பிய சுல்தான், பின்புறத்தில் பலத்த அடி பட்டது. செவேர் தப்பிச் சென்றது. மறுநாள் ஹியூஸ் ஆள் அனுப்பி, கொடி இறக்கிய கப்பல் எமதே என்று கேட்டார். கொடிக்கயிறு குண்டு பட்டு அறுந்ததன்றிச் சரணடையவில்லை என்று சப்ரேன் மறுத்துரைத்தார். ஆணி அறைந்த கொடியையும், இறக்கி ஏற்றிய கொடியையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தல் தகும். எனினும், தலைவன் தளர்ந்தவிடத்தும் தளராத அவ்விளைய அதிகாரிகளைப் பகைவர் என்பதற்காகக் குறைத்துக் கூறுதல் நேர்மையன்று.

ஹியூஸ் சென்னையில் கப்பல்களைச் செப்பனிடுவதில் காலம் தாழ்த்தினார். அதற்குள் சப்ரேன் ஆகஸ்டு இறுதியில் திருகோணமலையைக் கைப்பற்றிவிட்டார். ஆங்கிலப் பாய்கள் அத்துறைக்கு எதிரே தோன்றியது இரண்டு நாள் கழித்தே. அத்தாமதம் ஹியூஸ் செய்த பெரும்பிழை என்றே கூறவேண்டும். மறுநாள், செப்டம்பர் 3-இல், நான்காம் போர் மூண்டது. ஆங்கிலக் கப்பல்கள் 12, பிரெஞ்சுக் கப்பல்கள் 14. ஆங்கிலத் தலைவர்கள் கட்டுக்குலையாத வரிசையில் நிற்க, சப்ரேனின் படையோ சிதறிற்று. அவரும் இரண்டு துணைக் கப்பல்களும் நடுவில் தனித்து அடிபட்டனர். அவருடைய நடுமரம் கொடியோடு சாய்ந்தபோது, கப்பலைச் சுற்றிலும் கொடிகளைக் கட்டுங்கள் என்று அவர் முழங்கினார் என்பர். அன்று ஐசிஸ் கப்பலின் லம்லி, சுல்தானின் வாட், ஊஸ்டரின் உட் ஆகிய மூன்று ஆங்கிலத் தலைவர்கள் அப்போரினால் உயிரிழந்தனர். பிப்ரவரியில் தொடங்கிய கணக்கில் இவர்களையும் சேர்த்தால் மாண்ட தலைவர்கள் அறுவர்.

ஐந்து போர்களிலும் பங்குகொண்டு பிழைத்தவர்களுள் பர்போர்டு கப்பலின் தலைவர் பீட்டர் ரெய்னியர் ஒருவர். அவர் பிற்காலத்தில் இந்தியக் கடற்படைக்கே தலைவராகி, 1795-இல் திருகோணமலையை மீண்டும் ஆங்கிலேயர்க்கு உரியதாக்கினார். வட அமெரிக்காவின் மேலைக்கரையில் பனி மூடிய பெருமலை ஒன்றுக்கு 1792-இல் வான்கூவர் என்னும் கடலோடி தம் நண்பராகிய இவர் பெயரையே இட்டார். ரெய்னியர் அம்மலையைக் கண்டதே இல்லை.

ஐந்தாம் போர் 1783-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் கூடலூருக்கு எதிரே நடந்தது. கரையில் ஆங்கிலச் சேனை பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கூடலூரை முற்றுகையிட்டிருந்தது. ஹியூஸிடம் 18 கப்பல்கள் இருந்தன, சப்ரேனிடம் 15. ஆனால் ஆங்கிலக் கப்பல்களில் குடிநீர் குறைந்திருந்தது. பசுங்காய்களும் கனிகளும் இன்றி நெடுநாள் கடலில் கிடந்தமையால் ஸ்கர்வி என்னும் நோய் மாலுமியரை வாட்டிற்று. பற்கள் ஆட, ஈறுகளில் குருதி கசிய, பழைய புண்களும் மீண்டும் திறக்கும் கொடிய நோய் அது. நோயுற்ற கைகளே பீரங்கிகளை இழுத்தன. 99 ஆங்கிலேயரும் 102 பிரெஞ்சுக்காரரும் மாண்டனர். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார், கரைச்சேனை கைவிடப்பட்டது.

ஒன்பது நாள் கழித்து, ஜூன் 29-இல், மீடியா என்னும் ஆங்கிலக் கப்பல் வெள்ளைக்கொடி பறக்கக் கூடலூருக்கு வந்தது. ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டுவிட்டது என்னும் செய்தியை அது கொணர்ந்தது. முதல் உடன்படிக்கையில் கையொப்பமிட்ட நாள் அவ்வாண்டு ஜனவரி 20. பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிவரும் காலத்தளவும் போர் தானே நடந்துகொண்டிருந்தது. நாடுகள் கைகுலுக்கி ஐந்து திங்கள் சென்றபின் அந்த 201 பேரும் கூடலூர்க் கடலில் உயிர் விட்டனர்.

சூபர்ப் கப்பல் அவ்வாண்டு நவம்பரில் தலைச்சேரிக்கு அருகே உடைந்து அழிந்தது. ஐந்து போர்களில் பகைவரால் அழிக்க இயலாத அதனைக் கடல் எடுத்துக்கொண்டது.

அவ்வாண்டின் இறுதியில் சப்ரேன் பிரான்சுக்குத் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் தங்கினார். ஹியூஸின் படையைச் சேர்ந்த ஒன்பது கப்பல்களும் அப்போது தாயகம் செல்லும் வழியில் அங்கே நின்றன. அவற்றின் தலைவர்கள், தம்மோடு ஐந்து முறை பொருத அப்பகைவரைக் காணத் தாமாகவே அவருடைய கப்பலுக்குச் சென்று வணக்கம் தெரிவித்தனர். தமக்குக் கிடைத்த பாராட்டுகளுள் அந்த ஆங்கிலேயர் காட்டிய மதிப்பினும் மகிழ்ச்சி தந்தது பிறிதில்லை என்று சப்ரேன் தம் கடிதம் ஒன்றில் எழுதினார். அன்று அத்தலைவர்களுக்கு முன்னே சென்று அவர் கப்பலில் ஏறியவர் எக்சிட்டரின் கொமடோர் கிங்.